திருக்கையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்

சுறா, திருக்கை ஆய்வுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "ஏதாவது சொல்லுங்க மேடம்" என்றார்கள். முறுக்கைக் கடித்துக்கொண்டே, சொல்ல நினைத்ததில் பாதி சொன்னேன், பாதி மறந்துபோனேன். விட்டதையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். முப்பத்தொரு வருடம் மீன் இறங்குதளங்களில் நின்று ஓய்வுபெற்றவள் நான். பிறந்தது கரிசல்காடு; கடலை முதன்முதலில் பார்த்தபோது வயது பத்தொன்பது. கரையில் எல்லோரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். கையில் நோட்டு வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிற பொம்பளை அவர்களுக்கு வேறு யாராக இருக்க முடியும்?

1. ஏலத்துக்கு முன்னால் போய் நில்லுங்கள்.

நாலு மணிக்கு ஏலம் என்றால் மூன்றரைக்கு அங்கே இருக்க வேண்டும். ஏலம் விட்ட கால்மணி நேரத்தில் மீன் ஐஸ் பெட்டிக்குள் போய்விடும். அதற்கப்புறம் நீங்கள் அளக்கப்போவது வெறும் தரையைத்தான். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஏலக்காரர் குரல் கொடுக்கும்போது நடுவில் புகுந்து டேப்பை நீட்டாதீர்கள். "நீங்க அளந்து முடிக்கறதுக்குள்ள என் விலை இறங்கிரும் டீச்சர்" என்று ஒரு அண்ணாச்சி முதல் வாரத்திலேயே சொன்னார். அவர் சொன்னது நியாயம்.

பெரிய சுறா ஒன்று இறங்கினால் எல்லாக் கேமராவும் அந்தப் பக்கம் திரும்பும். நீங்கள் கூடையைப் பாருங்கள். ஒரு முழம்கூட இல்லாத குட்டிச் சுறாக்கள், உள்ளங்கை அகலத் திருக்கைக் குட்டிகள், எல்லாம் காரலோடும் கழிசலோடும் கலந்து கூறு கூறாகக் கிடக்கும். கழிசல் காய்ந்து கோழித் தீவனத்துக்குப் போகும். எந்த மாதம் எந்த இனம் எங்கே குட்டி போடுகிறது என்பது அந்தக் கூடையில்தான் இருக்கிறது. இருநூறு கிலோச் சுறாவைப் பற்றி மறுநாள் பேப்பரில் வந்துவிடும். கழிசல் கூடையைப் பற்றி நீங்கள் எழுதாவிட்டால் ஒருவரும் எழுத மாட்டார்கள்.

2. திருக்கையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

முதுகைப் பார்த்துப் பெயர் எழுதுகிறவர் பாதிதான் பார்க்கிறார். வாயும் செவுள் பிளவுகளும் அடியில் இருக்கின்றன. அடிவயிற்றின் நிறம் சில இனங்களைப் பிரித்துக் காட்டும். ஆணா பெண்ணா என்பதும் அங்கேதான்: வாலடியில் இரண்டு பக்கமும் விரல்போல நீட்டிக்கொண்டிருந்தால் ஆண். அதைத் தொட்டுப் பாருங்கள். துவண்டால் பருவத்துக்கு வராத குட்டி. உள்ளே குருத்தெலும்பு விறைத்துக் கெட்டியாக இருந்தால் பருவம் வந்தது. சுறாவுக்கும் இதே கணக்குதான். சுறாவை மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளக்கிறோம். திருக்கையின் வால் பாதி நேரம் ஒடிந்தோ வெட்டியோதான் வரும் என்பதால் ஒரு பக்கத்து இறகு முனையிலிருந்து மறுபக்கத்து முனை வரை அகலத்தை அளக்கிறோம். இந்த இரண்டை மாற்றி எழுதிய நோட்டுகளைத் திருத்தியே என் கண் பாதி போனது.

3. திருக்கை முள்.

செத்த திருக்கையின் முள்ளிலும் விஷம் உண்டு. மீனவர்கள் படகிலேயே அதை ஒடித்துவிடுவார்கள், எல்லாரும் எப்போதும் ஒடிப்பதில்லை. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் முக்கி வையுங்கள், வலி அடங்கும். அப்புறம் ஆஸ்பத்திரி. வீரம் வேண்டாம்.

4. பெயரில் அலட்சியம் கூடாது.

இதை நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தொழிலில் நான் செய்த பெரிய தப்பு இதுதான்.

சேர்ந்த முதல் இரண்டு வருடம், தலை சுத்தியல்போல இருந்த எல்லாவற்றையும் "கொம்பன் சுறா" என்று ஒரே பெயரில் எழுதிவைத்தேன். கரையில் அப்படித்தான் சொன்னார்கள், எனக்கும் வசதியாக இருந்தது. தலையின் முன்விளிம்பு நடுவில் வெட்டு இருந்தால் ஒரு இனம், வெட்டில்லாமல் ஒரே வளைவாக இருந்தால் வேறு இனம், விளிம்பு ஏறக்குறைய நேர்கோடாக இருந்தால் இன்னொன்று. மூன்று விநாடி குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். 2013-இல் பாங்காக்கில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் மாநாடு மூன்று கொம்பன் இனங்களைப் பட்டியலில் சேர்த்தது. பழைய வருடங்களில் எந்த இனம் எவ்வளவு இறங்கியது என்று கேட்டார்கள். என் நோட்டைப் புரட்டினேன். "கொம்பன் – 14", "கொம்பன் – 9". அந்த இரண்டு வருடமும் வீண்.

ஊர்ப் பெயரை மட்டமாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தரங்கம்பாடியில் இருந்த பாதிரியார்கள் நம் கரை மீன்களைப் பதப்படுத்தி ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அங்கே மார்க்கஸ் பிளாக் அவற்றை ஆராய்ந்தார். அவர் இறந்தபின் ஷ்னைடர் முடித்து 1801-இல் புத்தகமாக வெளியிட்டார். தொட்டால் கை மரத்துப்போகிற மின்திருக்கை ஒன்றுக்கு அதில் இட்ட பெயர் 'டிம்லெய்'. நம்மவர்கள் சொன்ன 'திமிலை'தான் அது. மீனவர் நாக்கிலிருந்து நேராக அறிவியலுக்குள் போன பெயர்.

அதே புத்தகத்தில் தரங்கம்பாடி மீனை வைத்துப் பெயரிட்ட, உழுவை என்கிற திருக்கை வகை இனம் ஒன்றும் உண்டு. கதை இனிமேல்தான். 2001-இல் நம் வனவிலங்குச் சட்டத்தில் உழுவைக்குப் பாதுகாப்பு கொடுத்தபோது எழுதிய பெயர் 'ஜித்தென்சிஸ்'. செங்கடல் கரையின் ஜித்தா நகரத்தின் பெயரால் 1775-இல் வழங்கிய இனம் அது. அந்த இனம் செங்கடல், ஆப்பிரிக்கக் கிழக்குக் கரைப் பக்கத்தது என்றும், நம் கடலில் இறங்குகிற உழுவைகள் வேறு இனங்கள் என்றும் வகைப்பாட்டியலார் இப்போது சொல்கிறார்கள். வீட்டுப் பட்டாவில் பக்கத்துத் தெருக்காரர் பெயர் ஏறிய மாதிரி. சட்டம் எழுதியவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அன்றைக்குக் கையில் இருந்த புத்தகங்கள் அப்படித்தான் சொல்லின. ஆனால் இறங்குதளத்தில் நீங்கள் எழுதுகிற பெயர் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

5. சுழியத்தையும் எழுதுங்கள்.

புதுச்சேரியின் பெயரைச் சுமக்கிற சுறா ஒன்று உண்டு. உலகத்து அருங்காட்சியகங்களை எல்லாம் சேர்த்தாலும் இருபது மாதிரிகூடத் தேறாது. கடைசியாகப் பதிவானது 1979-இல். இருக்கிறதா போய்விட்டதா என்று எப்படிச் சொல்வது? தேடிப்போன நாட்களின் கணக்கு இருந்தால்தான் சொல்ல முடியும். "இன்று 43 படகு பார்த்தேன், வேளா இல்லை" என்று எழுதிய பக்கமும் ஒரு தகவல். (வேளா என்றால் ரம்பம்போன்ற மூக்குள்ள மீன்.) பையன்கள் இதை எழுதச் சோம்பல்படுவார்கள். ஒன்றும் கிடைக்காத நாளை ஒன்றும் நடக்காத நாள் என்று நினைத்துவிடுகிறார்கள்.

6. விதைநெல் எது என்று கண்டுபிடியுங்கள்.

எல்லாச் சுறாவும் ஒரே வேகத்தில் பெருகுவதில்லை. மும்பைப் பக்கம் மலிந்து கிடக்கும் சின்னச் சுறா ஒன்று ஒன்றிரண்டு வருடத்தில் பருவத்துக்கு வந்து, வருடம் தவறாமல் குட்டி போடும். ஆனைத் திருக்கை என்று நாம் சொல்லும் பெரிய கொம்புத் திருக்கை, பருவம் வரவே பல வருடம் ஆகி, ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி போடும். அடுத்த ஈற்றுக்கு இரண்டு மூன்று வருடமோ, அதற்கு மேலோ ஆகலாம். ஒரே வலையில் இரண்டும் வருகின்றன. முதலாவதைப் பிடிப்பது அறுவடை. இரண்டாவதைப் பிடிப்பது விதைநெல்லைக் குத்தித் தின்பது. "சுறா அழிகிறது" என்று மொத்தமாகப் பேசுகிறவர்களோடு நீங்களும் சேர்ந்து பேசாதீர்கள். எதை, எத்தனை, எந்த அளவுக்குமேல் பிடிக்கக்கூடாது என்று சொல்லத் தெரிந்தவராக இருங்கள். மீனவர் உங்களை மதிப்பது அந்த இடத்தில்தான்.

7. சட்டம் போடுமுன் கரையில் போய்ச் சொல்லுங்கள்.

2001 ஜூலையில் நம் நாட்டில் எல்லாச் சுறாவையும் எல்லாத் திருக்கையையும் யானை, புலி இருக்கிற முதல் அட்டவணையில் ஏற்றினார்கள். ஒரே கையெழுத்து. குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் சுறாத் தூண்டிலோடு லட்சத்தீவு தாண்டி, குஜராத் வரைக்கும் போய்வருகிறவர்கள். கொச்சியில் கொண்டுபோய் இறக்குவார்கள். ஆழ்கடலில் தலைமுறையாக அவர்கள் கற்ற தொழில் ஒரே நாளில் குற்றமாகிவிட்டது. எதிர்ப்பு எழுந்தது. டிசம்பரில் பட்டியல் பத்து இனங்களாகச் சுருங்கியது: திமிங்கலச் சுறா, வேளா இனங்கள், கங்கைச் சுறா, புதுச்சேரிச் சுறா, மேலே சொன்ன ஜித்தா உழுவை, இன்னும் சில.

பட்டியல் சுருங்கியது. பயம் சுருங்கவில்லை. அந்த ஐந்து மாதத்துக்கு அப்புறம் பல கரைகளில் என்னைப் பார்த்ததும் தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். எது பட்டியலில் இருக்கிறது, எது இல்லை என்று யாரும் அவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லியிருக்கவில்லை. ஒரு அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் பால் சுறாக் குட்டியைக் கையில் தூக்கிப் பிடித்து "இதுக்கு ஏழு வருஷம் ஜெயில்" என்று ஒரு ஆத்தாவை மிரட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த மீன் பட்டியலிலேயே இல்லை. அந்தக் கரையில் எனக்கு மறுபடி மீன் காட்டுவதற்கு மூன்று வருடம் ஆயிற்று. அந்த மூன்று வருடத்துக்கு என்னிடம் தகவல் இல்லை, சட்டத்துக்கும் இல்லை.

2022-இல் சட்டத்தைத் திருத்தி, சுறா, திருக்கை இனங்கள் இன்னும் பலவற்றைச் சேர்த்திருக்கிறார்கள். படத்தோடு, ஊர்ப் பெயரோடு, தமிழில் ஒரு தாள் அச்சடித்து எத்தனை கரையில் ஒட்டியிருக்கிறது என்று உங்கள் வேலையின் முதல் மாதத்திலேயே போய்ப் பாருங்கள். இல்லையென்றால் நீங்களே ஒட்டுங்கள். பசை வாங்க எந்த நிதியும் தேவையில்லை.

8. குஜராத்தைப் பாருங்கள், ஆனால் காப்பியடிக்காதீர்கள்.

சௌராஷ்டிரக் கரையில் திமிங்கலச் சுறாவைக் கொக்கி போட்டு வேட்டையாடினார்கள். 2000-இல் மைக் பாண்டே அதைப் படமெடுத்தார். மறு வருடம் அது சட்டப் பாதுகாப்புக்குள் வந்தது. ஆனால் கரையில் மனதை மாற்றியது 2004-இல் தொடங்கிய பிரச்சாரம். ராமகதை சொல்லும் மொராரி பாபு, "இது பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிற மகள்" என்றார். 'வாலி', செல்லம் என்று பெயரிட்டார்கள். வலையில் சிக்கினால் மீனவர் வலையை அறுத்து விடுகிறார், அறுத்த வலைக்கு அரசு இழப்பீடு தருகிறது. மகள் என்ற சொல்லும் வேண்டியிருந்தது, வலைக்குக் காசும் வேண்டியிருந்தது. பின்னாளில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு மைக்கை வைத்துவிடுகிறார்கள்.

நம் பக்கத்தில் பால் சுறாவை யாரும் மகள் என்று சொல்லப்போவதில்லை. அது பிள்ளை பெற்ற மகளின் தட்டில் புட்டாக இருக்கிறது. என் மருமகளுக்கு நானே செய்து கொடுத்தேன், ஒளிக்கவில்லை. இங்கே பேச வேண்டியது வேறு பேச்சு: எந்த அளவுக்குக் கீழே உள்ள குட்டியை வாங்காமல் விடலாம், குட்டி போடுகிற மாதத்தில் எந்தத் துறைக்கு முன்னால் திருக்கை வலை விடாமல் இருக்கலாம் என்பது போல. இதை ஊர்க் கமிட்டியில் உட்கார்ந்து பேசத் தெரிய வேண்டும். கமிட்டி என்றால் மூன்று மணி நேரம், ஐந்து டீ.

9. இறகை மட்டும் பார்க்கிறவர்களிடம் கணக்கைக் காட்டுங்கள்.

ஷெல்லி கிளார்க் என்கிற அம்மையார் ஹாங்காங் இறகு வியாபாரிகளின் ஏலக் கணக்குகளில் புகுந்து, அவர்கள் இறகுக்கு வைத்திருந்த வியாபாரப் பெயர்கள் எந்தெந்த இனம் என்று மரபணுச் சோதனையோடு ஒத்துப்பார்த்தார். 2006-இல் வெளியிட்ட மதிப்பீடு: இறகு வியாபாரத்துக்காக வருடத்துக்கு 2.6 கோடியிலிருந்து 7.3 கோடி வரை சுறாக்கள், நடு எண் 3.8 கோடி. அரசாங்கங்கள் சொல்லிக்கொண்டிருந்த பிடிப்புக் கணக்கைவிட அது பல மடங்கு. கடலுக்குள் போகாமல் கடையில் நின்று செய்த ஆய்வு. என் மாணவர்களை எல்லாம் அதைப் படிக்கச் சொல்வேன்.

அதற்கப்புறம் இறகை வெட்டிவிட்டு உடலைக் கடலில் எறிவதற்கு எதிராக உலகமெங்கும் சட்டங்கள் வந்தன. 2013-இல் நம் நாட்டிலும் இறகு உடலோடு ஒட்டியே கரை சேர வேண்டும் என்றார்கள். 2015-இல் இறகு ஏற்றுமதியையும் தடுத்தார்கள். நல்லது. ஆனால் 2024-இல் போரிஸ் வோர்ம் குழுவினர் போட்ட கணக்கைப் பாருங்கள். 2012-க்கும் 2019-க்கும் இடையில் இப்படிப்பட்ட சட்டங்கள் பத்து மடங்குக்குமேல் கூடின. மீன்பிடிப்பில் சாகும் சுறாக்கள் 7.6 கோடியிலிருந்து 8 கோடியாயின. இறகோடு முழுசாகக் கரைக்கு வந்தாலும் செத்த சுறா செத்த சுறாதான். சுறாப் பிடிப்பையே தடுத்த, கண்காணிப்பு ஒழுங்காக இருந்த இடங்களில் சாவு குறைந்திருக்கிறது.

நம் கரையில் சுறாவில் எதுவும் வீணாவதில்லை: இறைச்சி, கருவாடு, ஈரல் எண்ணெய், தோல். ஆகவே வெளிநாட்டுக் கட்டுரையில் 'இறகுக் கொடூரம்' என்று படித்துவிட்டு வந்து கரையில் அதையே பேசினால் சிரிப்பார்கள்.

10. சைட்டிஸ் இரண்டாம் பட்டியல் தடை அல்ல.

இதைத் தெரியாமல் பேசுகிற பட்டதாரிகளை எண்ணி மாளவில்லை. அந்தப் பட்டியலில் உள்ள மீனைப் பிடிக்கலாம், உள்நாட்டில் விற்கலாம், வேறு உள்நாட்டுச் சட்டம் தடுக்காவிட்டால். நாடு விட்டு நாடு போகும்போதுதான், இந்த வியாபாரத்தால் அந்த இனத்துக்குக் கேடு இல்லை என்று அரசு அறிவியல் ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். 2022-இல் பனாமாவில் ஒரு முழுக் குடும்பத்தையே பட்டியலில் ஏற்றினார்கள். நம் பால் சுறாவும் அந்தக் குடும்பம்தான். புட்டுக்கு ஆபத்தில்லை, கன்டெய்னருக்குத்தான் காகிதம் வேண்டும்.

அந்தக் காகிதத்துக்கு எண்கள் எங்கிருந்து வரும்? மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் வருடக்கணக்காகச் சேர்த்த இறங்குதளக் கணக்கிலிருந்துதான். மூன்றரை மணிக்கு நீங்கள் போய் நின்ற கணக்கு.

பொறுமையும் வேண்டும். கொம்பன் சுறாவுக்கான முன்மொழிவு 2010-இல் தோகாவில் தோற்றது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்கவில்லை. மூன்று வருடம் கழித்துப் பாங்காக்கில் வென்றது. மீனா மாறியது? நடுவில் பல நாட்டு ஆய்வாளர்கள் தங்கள் தங்கள் அதிகாரிகளிடம் போய் உட்கார்ந்தார்கள். நீங்களும் எழுபது பக்க ஆய்வேட்டோடு ஒரு பக்கத் தாள் ஒன்றும் எழுதிப் பழகுங்கள். அதிகாரி படிப்பது அந்த ஒரு பக்கத்தைத்தான். அதில் 'பாதுகாக்க வேண்டும்' என்று எழுதாதீர்கள். எந்த விதியில், எந்த வரியை, எப்படி மாற்ற வேண்டும் என்று எழுதுங்கள்.

11. தடைக்காலத்தை வீணாக்காதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகள் நிற்கும். ஆய்வாளர்களும் லீவு போட்டுவிடுகிறார்கள். நாட்டுப்படகு ஓடுகிறதே, அதை யார் பார்ப்பது? மாலையில் வலை பின்னுகிற இடத்தில் போய் உட்காருங்கள். பேச நேரம் இருக்கிற அறுபத்தொரு நாள் அது.

12. பழைய வீடுகளுக்குப் போங்கள்.

அப்படி ஒரு தடைக்காலத்தில்தான், கடலுக்குப் போவதை நிறுத்திப் பல வருடமான ஒரு பெரியவர் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். நிலைவாசலுக்கு மேல் ஒரு வேளாக் கொம்பு, கரிபிடித்துத் தொங்கியது. நான் அந்தக் கரைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து முழு வேளா ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஸ்டூல் போட்டு ஏறினேன். அடிப்பக்கம் கால் பங்குக்குப் பல்லே இல்லை. அதை வைத்தே எந்த இனம் என்று சொல்லலாம். இடது பக்கம் 24 பல், வலது பக்கம் 23, ஒன்று உடைந்திருந்தது. எந்த வருடம் பிடித்தது என்று கேட்டேன். வருடம் நினைவில்லை, மூத்த மகள் வயிற்றில் இருந்தபோது என்றார். மகளுக்கு என்ன வயது என்று கேட்டு எழுதிக்கொண்டேன். எந்த இடம் என்று கேட்டதும் கையை நீட்டி, எந்தக் கோபுரமும் எந்தப் பனைமரமும் நேர்கோட்டில் வந்தால் அங்கே என்று சொன்னார். அந்தப் பனை இப்போது இல்லை.

நான் இறங்குவதற்குள் பேரன் வந்து நின்றான், எட்டு வயசிருக்கும். கொம்பைக் காட்டி, "டீச்சர், இது தாத்தா மரத்துல செஞ்சதுதானே?" என்று கேட்டான். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். நான் டேப்பின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்து, நுனியில் வைத்துப் பிடிக்கச் சொன்னேன்.